அடுப்பைப் பார்க்க வந்த ஆபீசர்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன், சிலது மறந்தும் போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்குக் கூச்சம், அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

ஜவ்வாது மலையில் கார்த்திகை பிறந்தால் மாசி வரைக்கும் குளிர். கீழே கலசப்பாக்கத்தில் மின்விசிறி ஓடுகிற நாளில்கூட இங்கே விடியற்காலையில் பல் கிட்டும். என்னுடையது மண்சுவர், ஓட்டுக் கூரை. அதே வாசலில் என் கொழுந்தனார் வீடு, அது அரசாங்கம் கட்டிக்கொடுத்த தளம் போட்ட வீடு. எனக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு என் பெயரைக் கொழுந்தனாரின் ரேஷன் கார்டில் சேர்த்துவிட்டார்கள். பெயர்தான் அங்கே. சமைப்பதும் தின்பதும் தூங்குவதும் என் வீட்டில்தான்.

முட்டி வலி வந்த பிறகு காட்டுக்குப் போய் விறகு பொறுக்க முடியவில்லை. ஏழைப் பெண்களுக்கு அரசாங்கம் கேஸ் இணைப்பு கொடுக்கிறது, சிலிண்டருக்கும் கொஞ்சம் பணம் திருப்பித் தருகிறது என்று சொன்னார்கள். என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, என்னை இ-சேவை மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பேசியதெல்லாம் அவள்தான். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

கம்ப்யூட்டரில் பார்த்த பெண், "இந்தக் கார்டுல ஏற்கெனவே கேஸ் இருக்குதே. ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுதான். இவங்க தனிக் கார்டு வாங்கணும்" என்றாள்.

"இவங்க தனிக் குடும்பம்தாம்மா. தனியாதான் பொங்கித் துன்றாங்க."

"அதை ஆபீசர் வந்து பார்த்துச் சொல்லணும். தனி அடுப்பு இருக்குதான்னு பார்ப்பாரு."

எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. குடும்பம் என்றால் என்ன என்று அரசாங்கம் எப்படிக் கண்டுபிடிக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. ஆள் எண்ணிக்கையை வைத்து என்று நினைத்திருந்தேன். அடுப்பை வைத்தாம். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கல்யாணம் ஆகி வந்த வீடுகளில் பெண்கள் சண்டை போட்டால் முதலில் பிரிவது அடுப்புதானே. அந்தச் சேதி ஆபீஸ்வரைக்கும் எப்படிப் போயிற்று?

தனிக் கார்டுக்கு அன்றைக்கே எழுதிக் கொடுத்திருந்தோம். மார்கழியில் ஒருநாள் போன் வந்தது. நாளைக்குக் காலையில் ஆபீசர் வருகிறார்.

இங்கேதான் நாங்கள் தப்பு செய்தோம். ஆபீசர் வருகிறார் என்றதும் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், வீட்டைச் சுத்தம் செய்வது. அடுப்பிலிருந்த சாம்பலை ஒரு பிடி விடாமல் வாரிக் குப்பைக்குழியில் கொட்டினேன். அடுப்பைச் சாணம் போட்டு மெழுகினேன். கரி பிடித்த களிப்பானையையும் குண்டானையும் புளி போட்டுத் தேய்த்தேன், முகம் தெரிந்தது. ஓரகத்தி வந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, பொண்ணு பாக்க வர்றாங்களா?"

அதோடு விடவில்லை. மூலையில் இருந்த விறகைப் பார்த்து, "இத்த எடுத்து மறைச்சு வெய்யிக்கா. பாரஸ்ட்டும் ஆபீசரும் ஒரே கவர்மெண்ட்டுதான். எந்தக் காட்டுல வெட்டுனன்னு கேட்டா இன்னா சொல்லுவ?" என்றாள். நான் வெட்டியதே இல்லை, காய்ந்து விழுந்ததைப் பொறுக்குகிறவள். ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு பேருமாக விறகை ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் அடுக்கிச் சோளத்தட்டு போட்டு மூடினோம். மெழுகின அடுப்பில் பொழுது விடிந்ததும் அரிசி மாவில் ஒரு கோலமும் போட்டேன். அன்று காலை அடுப்பு மூட்டவில்லை. கோலம் அழிந்துவிடுமே.

ஆபீசர் பைக்கில் வந்தார். கீழ்நாட்டுக்காரர், மலைக் குளிர் பழகாதவர். ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், அதற்கு மேல் ஹெல்மெட். அப்படியும் கை விறைத்து, பையின் ஜிப்பைத் திறக்க முடியாமல் தடுமாறினார். குனிந்து உள்ளே வந்ததும் இரண்டு கையையும் நீட்டினார்.

"எங்கம்மா அடுப்பு? முதல்ல கையைக் காட்டிக் குளிர் காஞ்சுக்கிறேன்."

நான் கோலத்தைக் காட்டினேன்.

அவர் அடுப்பைப் பார்த்தார், பளபளக்கும் பானையைப் பார்த்தார், விறகு இருந்த மூலையைப் பார்த்தார். அங்கே முறம் சாய்ந்திருந்தது. எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் ஓரகத்திக்கு எப்போதும் எழும்.

"அய்ய, குளுருதாங்க சார்? எங்க வூட்டுக்கு வாங்க. வெறகடுப்பு நல்லா எரியுது. அக்காவும் அங்கதான் குந்தி குளிர் காஞ்சுகினு இருந்தாங்க."

"ஓ. அடுப்பு அங்கதானா?" என்றார் ஆபீசர்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அது இல்ல சார், இவங்களுக்கும் அடுப்பு கீது, இது கண்காட்சி இல்ல, தெனம் எரியற அடுப்பு" என்று என்னென்னவோ சொன்னாள். சொல்லச் சொல்ல மோசமாயிற்று.

அவர் கெட்டவர் இல்லை. "அம்மா, நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். இந்த அடுப்புல எரிஞ்ச அடையாளமே இல்லை. இப்போ எழுதினா 'இல்லை'ன்னுதான் எழுதணும். எழுதாம வெச்சிருக்கேன். இன்னொரு நாள் வருவேன். எந்த நாள்னு சொல்ல மாட்டேன்" என்றார். அடுத்த வீட்டு அடுப்பில் குளிர் காய்ந்துவிட்டுப் போய்விட்டார்.

ஓரகத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, நீ அடுப்ப கழுவல, கார்டைக் கழுவிட்ட."

"நீதானே அடுப்பு அங்கன்னு சொன்ன?"

"நான் சொல்லலன்னா அந்தாளு இங்கயே வெறச்சிருப்பான்!"

அன்று மதியமே விறகைத் திரும்பக் கொண்டுவந்தேன். எந்த நாள் என்று தெரியாததால் எல்லா நாளும் எரிக்க வேண்டியதாயிற்று. முன்பெல்லாம் காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், அதுவும் கணக்காக. இப்போது விடிந்ததிலிருந்து இருட்டும்வரைக்கும் எரித்தேன். சாம்பலை வாரவில்லை. பானையைத் தேய்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. விறகை மிச்சம் பிடிக்க கேஸ் வேண்டும் என்று கேட்டவள், கேஸ் வாங்குவதற்காக ஒரு பனிக்காலத்து விறகை எரித்துக்கொண்டிருந்தேன். கேஸ் இருந்தாலும் வெந்நீருக்கும் குளிருக்கும் ஓரகத்தி விறகுதான் எரிப்பாள்; காட்டிலிருந்து வரும்போதெல்லாம் தன் சுமையில் பாதியை என் வாசலில் போட்டாள்.

"இது உனக்கில்ல, ஆபீசருக்கு" என்பாள்.

அத்தனை நாள் நெருப்பை நான் பார்த்தது இல்லை. எரிய வைத்து, வேலை முடிந்து, அணைத்துவிடுவேன். இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். புளியங்கட்டை மெதுவாகப் பிடித்து வெகுநேரம் நிற்கிறது. முள்விறகு பொய்க்கோபம் மாதிரி, சடசடவென்று எரிந்து சட்டென்று விட்டுவிடுகிறது. சூடு எங்கே போகிறது என்று கையை வைத்துத் தேடினேன். அடுப்புக்குப் பின்னாலுள்ள மண்சுவர் அதைக் குடித்து வைத்துக்கொள்கிறது. நெருப்பு அணைந்த பிறகும் அந்தச் சுவரில் முதுகு சாய்த்தால் ஆட்டுக்குட்டி ஒட்டிப் படுத்த மாதிரி இதமாக இருந்தது. ஓட்டு இடுக்கு வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது. இரண்டு இடத்தில் பழைய சாக்கைச் செருகினேன். இத்தனை வருஷம் இதே வீட்டில் இருந்தும் தெரியவில்லை. முட்டி வலி குறைந்தது. தளம் போட்ட வீட்டில் குளிர் தாங்காமல் ஓரகத்தியும் கொழுந்தனாரும் இங்கே வந்து உட்கார்ந்து புளி உடைத்தார்கள்.

தையில், ஒரு இருபது நாள் கழித்து என்று ஞாபகம், பைக் சத்தம் கேட்டது. விறகு இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. ஆபீசர் குனிந்து வந்தார், அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், குல்லாயைக் கழற்றினார். அடுப்பை ஆராய்வார், சாம்பலைக் கிளறுவார் என்று பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. கையை நீட்டிக்கொண்டு அப்படியே இருந்தார். நான் சூடாகக் கேழ்வரகுக் கூழ் கொடுத்தேன். குடித்துவிட்டு முட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். எனக்கு எதிரில் தலைகீழாகத் தெரிந்ததை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'தனி அடுப்பு உள்ளது. பயன்பாட்டில் உள்ளது.'

எழுந்திருக்க மனமில்லாமல் சொன்னார்: "குளிர் நாடுகள்ல வீட்டைச் சூடா வெச்சுக்கவே ஏழைங்களுக்கு அரசாங்கம் பணம் தருதாம்மா. சமைக்கிறதுக்கு இல்லை, குளிருக்கு."

ஆபீசரை நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்று கேட்டுவிட்டேன்.

"அங்க வந்து இன்னா பாப்பாங்க? அடுப்பா?"

அவர் சிரித்தார். "தெரியலையேம்மா."

"குளுரு எவ்ளோ கீதுன்னு எப்படிப் பாப்பாங்க? அவங்களும் வந்து கையை நீட்டுவாங்களா?"

"அக்கா இன்னிக்குதான் பேசவே கத்துகினாங்க சார், விட்டுடுங்க" என்றாள், பைக் சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்ற ஓரகத்தி.

கார்டு வந்தது. அதில் நான் ஒருத்திதான், குடும்பத் தலைவி. அதற்குப் பிறகு கேஸும் வந்தது. நல்லதுதான், பொய் சொல்லக் கூடாது. காட்டுக்குப் போக வேண்டியதில்லை, கண் எரிவதில்லை, களி சீக்கிரம் வெந்துவிடுகிறது. ஆனால் திருகி நிறுத்தினால் அந்த நிமிஷமே நெருப்பு இருந்த சுவடு இல்லை. சுவர் சில்லென்று இருக்கிறது. அடுத்த மார்கழியில் முட்டி மறுபடியும் மடங்க மாட்டேன் என்றது. குளிர் காய்வதற்காகச் சிலிண்டரை எரித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, அது ஆபத்து என்றும் சொன்னார்கள்.

அதனால் இந்தத் தடவை இ-சேவை மையத்துக்கு நானே தனியாகப் போனேன். "குளுருக்கு ஏதாவது அப்ளிகேசன் பாரம் இருக்குதாம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பார்த்தாள். கேஸுக்கு இருக்கிறது, வீட்டுக்கு இருக்கிறது, ஆட்டுக்கு இருக்கிறது. குளிருக்கு வரவில்லை.

"அப்படி ஒண்ணும் இல்லைங்கம்மா. வேணும்னா மனுவா எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்துவிட்டேன். மலையில் இருக்கிற ஏழை வீடுகளுக்குப் பனிக்காலத்தில் சூட்டுக்கு ஏதாவது உதவி வேண்டும், ஓட்டு இடுக்கை அடைக்கவாவது கொடுக்கலாம் என்று எட்டு வரி. ஒரு ரசீது கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. மனுவில் கோலத்தையும் ஓரகத்தியையும் எழுத முடியாது என்பதால் இங்கே எழுதினேன்.

இதில் ஒருத்திக்குத் தனிக் கார்டு கொடுக்கும் சட்டம், குளிர் நாடுகளில் அப்படிப் பணம் தருவது உண்மைதானா, எல்லாம் நான் காதால் கேட்டது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.