மாலை கழற்றிய நாள்

என் அக்கா மாதேஸ்வரிக்கு வருடத்தில் நாற்பத்தெட்டு நாள் வீட்டில் ஒரு சாமி இருந்தது. மீதி நாளெல்லாம் ஒரு குடிகாரன் இருந்தான். பதினேழு வருடம் குடும்பம் இப்படித்தான் நடந்தது. இரண்டும் ஒரே ஆள்தான், என் மாமா முனிராஜ்.

ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். நானும் அங்கேதான், ஸ்டோர்ஸில். பாகலூரிலிருந்து ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வருவோம். வேலையில் அவரை ஒரு சொல் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவருடைய கூட்டாளி திம்மப்பனோடு போய் ஒரு குவார்ட்டர். மழையோ வெயிலோ, தீபாவளியோ துக்கமோ, ஒரு குவார்ட்டர். வீட்டுக்கு வந்தால் அடிக்க மாட்டார், கத்த மாட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். "அடிக்கலியே, அப்பறம் என்னா கொறச்சல்?" என்று எங்கள் சொந்தக்காரர்கள் அக்காவைத் தேற்றுவார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டேனே தவிர, மனசுக்குள் நான் அவரைக் கூப்பிட்ட பேரை இங்கே எழுத முடியாது.

கார்த்திகை பிறந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார். ஐயப்பனுக்கு மாலை போட்டபின் ஒரு சொட்டுத் தொட மாட்டார். முதல் வருடம் சட்டென்று நிறுத்திவிட்டு மூன்றாம் நாள் வலிப்பு வந்து விழுந்தார். தினமும் குடிக்கிற உடம்பு, திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, எங்களிடம் வந்து படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் திட்டி அனுப்பினார். அதிலிருந்து ஐப்பசி வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு, குவார்ட்டரைத் திம்மப்பனோடு பாதியாகக் கட்டிங் போட்டு, பிறகு அதிலும் பாதியாக்கி, கார்த்திகை ஒன்றாம் தேதிக்குள் விட்டுவிடுவார். குறைக்கத் தெரியாத மனுசன் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகம். சாமிக்குப் பயப்படுகிறவர் என் அக்கா முகத்துக்கு ஏன் பயப்படவில்லை?

மாலை போட்டவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். தனிப் பாய், தனித் தட்டு. பஸ்ஸிலிருந்து கேட் வரை வெறுங்காலோடு வந்து, உள்ளே போனதும்தான் சேஃப்டி ஷூவை மாட்டுவார். அக்கா ஒதுங்கி நின்று "சாமி, சாப்பாடு", "சாமி, தண்ணி" என்பாள். மகள் ஹரிணியும் அப்பாவைச் சாமி என்றுதான் கூப்பிடும். குடிக்காத புருசன் அக்காவுக்குக் கிடைத்தது அந்த நாற்பத்தெட்டு நாள்தான், அதுவும் தொடக்கூடாத புருசன். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே திம்மப்பன் பைக்கோடு வாசலில் நிற்பான்.

போன தை மாதம் திம்மப்பன் வந்து நின்றான், மாமா வெளியே போகவில்லை. கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் கல்லீரல் வீங்கியிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ஐயப்பன் மாலையைக் கழற்றிய கையோடு முருகனுக்குப் போட்டுக்கொண்டார். பங்குனி உத்திரம் முடிந்ததும் பச்சை வேட்டி போய், அம்மனுக்குச் சிவப்பு வேட்டி வந்தது. கம்பெனியில் அவருக்குச் சிக்னல் சாமி என்று பேர் வைத்துவிட்டார்கள். கறுப்பு, பச்சை, சிவப்பு. மஞ்சள் எப்போது என்று கேன்டீனில் கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

ஒரு நாள் பஸ்ஸில் நானே கேட்டேன். "என்னா மாமா, ஆயுசுக்கும் மாலதானா?"

"கழட்டினா குடிச்சிடுவன் மாப்ள," என்றார். அவ்வளவுதான் பதில்.

அக்காவிடம் போய்ச் சந்தோசமா என்று கேட்டேன். ஆறேழு மாதமாகக் குடியில்லை, சந்தோசமாகத்தானே இருப்பாள் என்று நினைத்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "குடிக்காம இருக்கறாரு, சாமிக்குக் கோடி கும்புடு. ஆனா சுபாசு, எனுக்கு வயசு முப்பத்தெட்டு. எம்பக்கத்துல உக்காந்து ஒரு வாய் சோறு தின்னு, 'உப்பு கம்மி'ன்னு சொல்ற ஆளு வேணும்டா. சாமியும் வேணாம், குடிகாரனும் வேணாம். நெதானத்துல இருக்கற புருசன நான் ஒருநாளும் பாத்ததில்ல." கீரைக்கட்டை எடுத்து நானும் ஆயத் தொடங்கினேன்.

ஆனி மாதம் மாமாவின் அப்பா கரியப்பன் இறந்துபோனார். விடிகாலையில் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. எட்டு மணிக்கெல்லாம் பந்தல் போட்டு, மேளம் வந்து, ஊர் கூடிவிட்டது. குழி வெட்டுகிறவர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் சரக்கு வாங்க வேண்டும், மச்சான்காரன் போய் வா என்று என்னை அனுப்பினார்கள். நம் பக்கம் கடை திறக்கப் பன்னிரண்டு மணி ஆகும். பார்டரைத் தாண்டினால் காலையிலேயே கிடைக்கும். கர்நாடகா பாக்கெட் சரக்கை ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். முறை, ஊர் என்று வாயை மூடிக்கொண்டு போனேன். மாமாவை அத்தனை வருடம் வைத நான்தான் அன்றைக்கு அந்த வீட்டுக்குச் சாராயம் சுமந்து வந்தவன்.

நான் திரும்பி வந்தபோது பெரியவர்கள் மாமாவைச் சுற்றி நின்றிருந்தார்கள். "மாலயோட காரியம் செய்யக்கூடாதுப்பா. கழட்டு," என்றார் பங்காளி மாதப்பன். மாமாவின் கை கழுத்துக்குப் போயிற்று, அங்கேயே நின்றுவிட்டது. விரதம் பாதியில் கலைகிறதே என்று வருத்தப்படுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கதவோரம் நின்ற அக்காவுக்கும் எனக்கும் விசயம் தெரியும். மாதப்பன் மறுபடி சொன்னார். மாமா மாலையைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அப்பா காலடியில் உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு அடக்கம் முடிந்தது. ஆண்கள் எல்லோரும் போர்வெல் தொட்டியில் குளித்தோம். தொட்டிக்குப் பின்னால் டம்ளர்கள் சுற்றத் தொடங்கின. நான் வாங்கி வந்த சரக்கு. திம்மப்பன் ஒரு டம்ளரை நிரப்பி மாமாவிடம் நீட்டினான். கெட்ட எண்ணத்தில் இல்லை, அழுதுகொண்டேதான் நீட்டினான். "அப்பன மண்ணுல வெச்சிட்டு வந்திருக்கற. குடி, ஒடம்பு வலி தெரியாது."

மாமா டம்ளரை வாங்கிவிட்டார். இதற்குத்தானே காத்திருந்தாய் என்று வாய் வரைக்கும் வந்தது. தளும்ப நிரப்பிய சரக்கு அவர் விரலில் வழிந்தது. நனைந்த விரலைப் பார்த்தார். பிறகு டம்ளரைத் தொட்டி மேல் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

"மாலதான் கழட்டிட்டியே, அப்பறம் என்னாடா?" என்றான் திம்மப்பன்.

"கழட்டிட்டன். அதாண்டா பயமாக்கீது," என்று சொல்லிவிட்டு, ஈரத்துண்டோடு வீட்டுப் பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை தவறியிருக்கிறார். அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும். இரண்டு தடவையும் மறுநாளே டாக்டரிடம் போய் அவரே சொன்னார். மாலை எதுவும் இப்போது கழுத்தில் இல்லை.

அன்றைக்கு நான் அவர் பின்னாலேயே போனேன். பிணம் கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. அதைக் கும்பிட்டுவிட்டு, பெண்கள் உட்கார்ந்திருந்த மூலைக்குப் போய் அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தோள் பட்டது. அக்கா எட்டு மாதப் பழக்கத்தில் சட்டென்று நகர்ந்து, சொம்பை எடுத்து, "சாமி, தண்ணி," என்றாள்.

"சாமி இல்ல மாதேசு. நாந்தான்."

அக்கா சொம்பைக் கீழே வைத்தாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு அவர் தோளில் முகத்தை வைத்து, காலையிலிருந்து அழாத அழுகையாக ஓவென்று அழுதாள். மாமனார் மேல் எவ்வளவு பாசம் பார் என்று சொல்லி, பெண்கள் அவளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து அழுதார்கள்.