பிடியரிசியும் பக்கத்துக் காடும்

தவக்காலம் வந்தால் எனக்குக் கையும் காலும் ஓரிடத்தில் நிற்காது. கறியை விட்டாயிற்று, டீயை விட்டாயிற்று, அடுத்து எதை விடுவது என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தூக்குவாளியில் தனியே போட்டுவைப்பேன். பிடியரிசி. ஈஸ்டருக்கு முன்னால் அதை இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம்.

இந்த வருஷம் ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்துத் தக்காளிக் காட்டுக்காரியின் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். கொடுத்துப் பழகிய குடும்பம், வாங்கிப் பழக்கமில்லை. அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் தூக்குவாளியோடு போய், "மூட்டையா வாங்கிட்டேன் புள்ள, எங்களுக்கு மீந்து போச்சு" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னேன்.

அவள் மூடியைத் திறந்து அரிசியை அளைந்தாள். ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. அன்றன்றைக்கு எது உலையில் ஏறியதோ, அதில் ஒரு பிடி. இப்படி ஒரு மூட்டையை எந்தக் கடையில் விற்கிறார்கள்? அந்தப் புத்தி எனக்கு வீட்டிலேயே வந்திருக்கக் கூடாதா!

"இது உங்க நோம்பு அரிசிதானுங்க்கா?" என்று சிரித்தாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அரிசி எங்க வூட்லயும் கெடக்குதுங்க்கா. ஆளுதான் இல்ல. இத்தன நாள் கழிச்சு இன்னிக்குத்தான் பாலக்கோட்டு மண்டியில தக்காளி வெல ஏறியிருக்குது. பறிக்கிற பொம்பளைங்க எல்லாம் ஓசூர் கம்பெனி பஸ்ஸுல போயிட்டாங்க. பொழுதோட வண்டி வந்துரும். ஒருத்தி பறிச்சா பாதிகூட ஆவாது, வண்டிக்காரரு நிக்க மாட்டாரு. மிச்சமெல்லாம் செடியிலயே அழுவிப்போவும்."

"சாயங்காலம் சர்ச்சுல சிலுவைப்பாதை இருக்குதே" என்றேன். அவள் என்னைக் கூப்பிடவே இல்லை.

"ஐயோ, சாமி கும்புடற நாளுல கூப்புடுவனுங்களா? போயிட்டு வாங்க்கா."

போனேன். முட்டி போட்டேன், எழுந்தேன், மறுபடி முட்டி போட்டேன். வாய் ஜெபம் சொன்னது. மனசு செடி செடியாக அலைந்தது. சன்னலில் வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. பதினாலு நிலைகளில் ஐந்தாவது வந்தது. இயேசுவின் சிலுவையை சீமோன் சுமக்கிற இடம். வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவனைப் பிடித்துத்தான் சுமக்கவைத்தார்கள். வருஷா வருஷம் கேட்கிறதுதான், அன்றைக்குத்தான் சுருக்கென்று தைத்தது. அவனையாவது பிடித்து இழுத்தார்கள். என்னை யார் வந்து இழுக்க வேண்டும் என்று இங்கே மண்டியிட்டுக் கிடக்கிறேன்? பக்கத்திலிருந்த ஓர் அம்மா முறைக்க முறைக்க எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

காட்டில் அவள் ஒற்றை ஆளாகக் குனிந்திருந்தாள். முக்கால்வாசிச் செடி அப்படியே சிவந்து நின்றது.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்களாக்கா?"

"எங்க முடிஞ்சுது? பாதியில வந்துட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு கூடையை என் பக்கம் தள்ளினாள். "ரொம்பக் கனிஞ்சத மேல போடுங்க்கா, அடியில போட்டா நசுங்கிரும்."

மளமளவென்று பறித்தோம். இடுப்பு விட்டுப்போயிற்று. பாதிக் காடு மிச்சமிருக்கும்போதே ரோட்டில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. நான் சட்டென்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் நிமிரக்கூட இல்லை, குரலை மட்டும் உயர்த்தினாள்.

"சித்த நில்லுங்கண்ணா, நாங்க ரெண்டு பேரு இருக்கறோம்!"

வண்டிக்காரர் இன்ஜினை அணைத்தார்.