பீரோ மேல் இருந்த ஓலைப்பெட்டி

எண்பதுகளில் செம்பூரில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்திருந்த மலர் பின்னும் பனையோலைப் பெட்டிகளை எங்கள் மாதர் சங்கத்தில் விற்றுக் கொடுப்பேன். "வாங்கின ஆக்கள் பாவிக்கினமோ அக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். "தினமும் பயன்படுத்துறாங்க" என்று அளந்துவிடுவேன்.

ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல் நான் அவளிடம் வாங்கிப் பீரோ மேல் போட்டுவைத்திருந்த பெட்டியைப் பார்த்துவிட்டாள். அதை இறக்கித் தூசி தட்டி, சமையலறைத் தரையில் கிடந்த வெங்காயத்தை அள்ளிப் போட்டாள். "கிழிஞ்சா சொல்லுங்கோ, வேற பின்னித் தாறன்."

பரிதாபப்பட்டு வாங்குவதை அன்றோடு விட்டேன், பயன்படுத்துவதைத்தான் வாங்குகிறேன். இரண்டு வருஷம் கழித்து, கிழிந்த பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டியபோது மலர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.