சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள்

ஆபிரிக்காவில் ஒரு வருடம் படிப்பித்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "அங்க பிள்ளையளுக்குச் சாப்பாடு இருக்கோ?" என்பதைத்தான். இருக்கிறது என்பேன். சாப்பிட்டார்கள், படித்தார்கள், புள்ளி குறைத்துவிட்டேன் என்று என்னோடு சண்டை பிடித்தார்கள் என்பேன். கேட்டவரின் முகம் கொஞ்சம் சுருங்கிவிடும். வேறு ஏதோ கதைக்குக் காத்திருந்திருப்பார். அந்தச் சுருக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஸ்காபரோவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் படிப்பிக்கிறேன். வீடு வெக்ஸ்போர்ட்டில். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டு போன பிறகு, ஒரு வருட விடுப்பில் உகண்டாவின் கிராமப்புறத்தில் இருந்த ஒரு பெண்கள் விடுதிப் பாடசாலைக்குப் போனேன். இங்கே எங்கள் ஆட்கள் நடத்துகிற சிறிய தொண்டு அமைப்பு ஒன்று அந்தப் பாடசாலைக்கு உதவி வந்தது. அதன் தலைவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். விட்பியில் இருக்கிறார். யார் வீட்டில் இழவு விழுந்தாலும் முதலில் வந்து கதிரை தூக்குபவர். என்னை அனுப்பி வைத்ததும் அவர்தான்.

விடிவதற்கு முன்பே அங்கே மணி அடித்துவிடும். மாமரத்தில் கட்டித் தொங்கவிட்ட லொறிச் சில்லு வளையம்தான் மணி. பிள்ளைகள் மஞ்சள் தண்ணீர்க் கான்களைத் தூக்கிக்கொண்டு கைப்பம்படிக்கு ஓடுவார்கள். நானும் என்னுடைய கானோடு வரிசையில் நிற்பேன். ஆரம்பத்தில் விலகி எனக்கு வழி விட்டார்கள். வேண்டாம் என்று பின்னாலேயே நின்றதால், பிறகு நான் பம்பு அடிக்கிற விதத்தைப் பார்த்துப் பகிடி பண்ணத் தொடங்கினார்கள். தண்ணீர் எடுத்த பிறகு முற்றம் கூட்டல், சோளக்கஞ்சி. அதற்குப் பிறகு சப்பாத்து.

சப்பாத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். விடுதிப் படிகளில் வரிசையாகக் குந்தியிருந்து ஒவ்வொரு பிள்ளையும் தன் கறுப்புச் சப்பாத்தைப் பழைய துணியால் தேய்ப்பாள். அந்த மண் சிவப்பு மண். ஒருதரம் முற்றத்தைக் கடந்தாலே சப்பாத்து நிறம் மாறிவிடும். ஆனாலும் தேய்ப்பார்கள். விடுதிப் பொறுப்பாளர் அம்மா வந்து சப்பாத்தையும் காலுறையையும் தலையையும் பார்ப்பார். தலைமயிர் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. கார் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கும் அதே வெட்டுத்தான்.

மத்தியானம் சோளமாக் களியும் அவரைக் குழம்பும். இரவிலும் அதுவே. பிள்ளைகள் அந்த அவரையைத் திட்டாத நாளில்லை. உலகத்தில் எந்த விடுதியில் சாப்பாட்டைத் திட்டாமல் இருக்கிறார்கள்? ஸ்காபரோவில் இருந்து நான் கொண்டுபோன மிளகாய்த்தூளை என் தட்டில் தூவுவதைக் கண்டுவிட்டு, மேல்வகுப்புப் பிள்ளைகள் என் மேசையடியில் தட்டோடு வந்து நிற்பார்கள். முதல் மாதத்திலேயே போத்தல் காலியாகிவிட்டது.

கடைசி வகுப்பில் முன்வரிசையில் ஒருத்தி இருந்தாள். நில அளவையாளராக வரவேண்டும் என்பது அவளுடைய எண்ணம். திரிகோண கணிதத்தில் நான் பலகையில் பிழைவிட்டால் கையை உயர்த்தாமலேயே சொல்லிவிடுவாள். பெற்றோர் வந்து பார்க்கிற நாட்களில் அவளுடைய தாய் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய கிண்ணம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்குவார். சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் கம்பீரமான பெண். தகப்பன் லொறி ஓட்டுபவர். கிண்ணத்தில் கோழியும் சப்பாத்தியும் இருக்கும். எனக்கும் ஒரு பங்கு வரும். மகளின் கணக்கு எப்படி என்று கேட்டுவிட்டு, நான் சொல்லும் பதிலை மகளிடம் மொழிபெயர்க்கச் சொல்வார். மகள் கூட்டிச் சொல்கிறாளா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இறுதிப் பரீட்சை நெருங்கிய நேரத்தில் அண்ணை வந்தார். உதவி செய்கிறவர்கள் சிலரும் படம் பிடிப்பவர் ஒருவரும் கூட வந்தார்கள். வரவேற்பு ஆட்டத்துக்காக வகுப்புகளை நிறுத்தினார்கள். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளையாவது விட்டுவிடுங்கள் என்று அதிபர் அம்மாவிடம் போய்க் கேட்டேன். கைப்பம்பு அடிக்கடி பழுதாகிறது, இவர்கள் மோட்டார் போட்ட கிணறு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்து, "ஆடினால்தான் தண்ணீர் வரும் என்றால் ஆடத்தான் வேண்டும், ரீச்சர்," என்றார். அவருக்கும் என் அளவுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அவருக்கு நடத்த ஒரு பாடசாலையும் இருந்தது.

அடுத்த நாள் காலை கைப்பம்படியில் படப்பிடிப்பு. அந்த முன்வரிசைப் பிள்ளையைத்தான் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். அழகாக இருக்கிறாள், கண் பெரிது என்று பேசிக்கொண்டார்கள். படம் பிடிப்பவர் அவளுடைய கையில் மஞ்சள் கானைக் கொடுத்துவிட்டு, சப்பாத்தையும் சுவெட்டரையும் கழற்றச் சொன்னார். ஏன் என்று அவள் கேட்டாள். அப்போதுதான் இயல்பாக இருக்கும் என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கழற்றத் தேவையில்லை என்றேன். இங்கே தண்ணீர் எடுக்க வருகிற பிள்ளை செருப்போடோ சப்பாத்தோடோதான் வருவாள், நீங்கள் பிடிக்கப்போவது பொய் என்றேன். அண்ணை என்னுடைய முழங்கையைப் பிடித்து மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, ஒரு படம்தானே. இதைப் பெரிசாக்காதையும்."

நாங்கள் திரும்பி வந்தபோது அவள் வெறுங்காலோடு நின்றாள். உப அதிபர் கண்ணைக் காட்டியிருக்க வேண்டும். பம்படிச் சீமெந்துக் கட்டின் மேல் சப்பாத்து இரண்டையும் ஒட்டிவைத்து, காலுறைகளைச் சுருட்டி உள்ளே செருகியிருந்தாள். கமராவை நேரே பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது. இரண்டு தவணை அவளோடு கணக்குப் போட்டவள் நான், எனக்குத் தெரியும். அது அழுகை இல்லை, ஆத்திரம்.

நான் ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்த குளிர்காலத்தில், ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தில் அமைப்பின் வருடாந்த இராப்போசனம் நடந்தது. மேசைக்கு மேசை ரோல்ஸ் வந்துகொண்டிருந்தபோது பெரிய திரையில் அவளுடைய முகம் வந்தது. பிறகு ஒட்ட வெட்டிய தலை, பிறகு கால்கள். தாயையும் தகப்பனையும் இழந்த இந்தச் சிறுமி ஒரு குடம் தண்ணீருக்காக வெறுங்காலோடு நடக்கிறாள் என்று அறிவிப்பாளர் குரல் தழுதழுக்கச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் இருந்த அன்ரி பேப்பர் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "பாவம், நோய் வந்து தலைமயிரும் கொட்டிப் போச்சுப் போல," என்றார்.

அந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கிறார், அவருடைய கையால் நான் கோழி சாப்பிட்டிருக்கிறேன் என்று சொன்னேன். மேசையில் இருந்தவர்கள் என்னை ஏதோ அபசகுனம் பேசியவளைப் போலப் பார்த்தார்கள். எழுந்து போய் அண்ணையைப் பிடித்தேன். அவர் கையில் இருந்த மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னார், "தாய் துணிக்கடை வச்சிருக்கிறா எண்டு சொன்னா ஆர் தருவினம், சொல்லும் பாப்பம்."

மறுநாள் அதிபர் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். தாயிடம் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார். சில நாள் கழித்து என் போனுக்கு ஒரு குரற்பதிவு வந்தது. முதலில் தாய் தன் மொழியில் பேசினார், பிறகு மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். சந்தை இரைச்சல் பின்னால் கேட்டது.

"நான் இருக்கிறேன். என் புருஷனும் இருக்கிறார். எங்களைக் கேட்காமல் எங்களைப் புதைத்தது யார்?"

விட்பியில் அண்ணையின் வீட்டுப் பேஸ்மென்றில் கூடிய கூட்டத்தில் அந்தப் பதிவைப் போட்டேன். ஒருவர், அந்தப் படம் ஏற்கெனவே அமைப்பின் கலண்டரில் அச்சாகிக் கடைகளுக்குப் போய்விட்டது என்றார். இன்னொருவர், அந்தத் தாய்க்கு ஏதாவது அனுப்பிச் சமாளிப்போம் என்றார். அதைக் கேட்டதும் என் குரல் உயர்ந்துவிட்டது.

அண்ணையே எனக்கு முன்பொரு முறை சொன்ன கதை ஒன்று உண்டு. அகதியாக வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறை வீட்டில் குடும்பமாக இருந்திருக்கிறார்கள். குளிர் அங்கி கொடுக்க வந்தவர்கள் அவருடைய அம்மாவைப் படம் பிடித்துத் துண்டுப் பிரசுரத்தில் போட்டுவிட்டார்கள். அந்தத் தாள் கட்டடம் முழுக்க ஒட்டியிருந்தது. அம்மா லிஃப்டில் ஏறுவதையே விட்டு மாடிப்படியால் இறங்கிப் போனார் என்று சொல்லி அண்ணை பல்லைக் கடித்தார்.

"அண்ணை, அந்தப் படத்தை எடுத்தவை மேல உங்களுக்கு இண்டைக்கும் கோவம். இப்ப நீங்கள் ஆரின்ர அம்மாவைச் சாகடிச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் மேலே தேத்தண்ணி குடிக்கப் போன பிறகு, அந்தத் தாயின் நம்பரைத் தாரும் என்றார் அண்ணை. என் முன்னாலேயே எடுத்தார். மகள்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தாள். தடுமாறித் தடுமாறி மன்னிப்புக் கேட்டார். தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உங்களுடைய தாய் இருக்கிறாரா என்று விசாரித்தார். இல்லை, காலமாகிவிட்டார் என்றார் அண்ணை. அந்தப் பெண் அவருக்கு அனுதாபம் சொன்னார். கடவுள் உங்களைத் தேற்றட்டும் என்று சொன்னதாக மகள் மொழிபெயர்த்தாள். பிறகு, படத்தை எப்போது அகற்றுவீர்கள் என்று கேட்டார்.

அண்ணை கண்ணைத் துடைத்தார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. வந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாய் தந்த அனுதாபத்தை வாங்கிக்கொள்ள இவருக்கு என்ன உரிமை என்றுதான் நினைத்தேன்.

அமைப்பின் இணையத்தளத்தில் இருந்த படத்தை அன்றைக்கே அகற்றினார்கள். கலண்டர் வருடம் முடியும்வரை கடைகளில் தொங்கியது. வெக்ஸ்போர்ட்டில் நான் சாமான் வாங்குகிற கடையில் கல்லாவுக்குப் பின்னால் அவள் வெறுங்காலோடு நின்றாள். கழற்றச் சொல்லிக் கேட்டேன். நல்லநேரம் பார்க்கிறது அதில்தான் என்றார் கடைக்காரர்.

கிணறும் வந்தது. மோட்டார் ஓடுகிற காணொளியை அதிபர் அம்மா அனுப்பினார். பார்த்தீரா, அந்தப் படம்தான் தண்ணி குடுத்தது என்று இப்போதும் என்னிடம் சொல்கிறார்கள். சப்பாத்துப் போட்ட பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அவள் பரீட்சையில் நன்றாகச் செய்து, நில அளவை படிக்கப் போய்விட்டாள். அதைத் திரையில் சொல்லுங்கள் என்றேன். அது அவ்வளவாக மனதைத் தொடாது என்றார்கள்.

அடுத்த வருட விருந்தில் என் பிடிவாதத்துக்காகச் சீருடையோடு வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் படங்களைப் போட்டார்கள். பல மேசைகள் காலியாகக் கிடந்தன. மண்டபத்து வாசலில் அண்ணை என்னிடம் அதைக் குற்றம் போலச் சொன்னார்.

"அப்ப வாற வருஷம் சின்ன மண்டபமா எடுங்கோ, அண்ணை," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.