ஒரு வேனுக்கு முடியாத வழி

மேடத்தின் கணினித் திரையில் இரண்டு எண்கள் இருந்தன. மேலே இருந்தது, அதுவரை கிடைத்த நல்ல வழியில் போனால் வேன் எத்தனை நிமிடம் தாமதமாகும் என்பது. கீழே இருந்தது, எந்த வழியில் போனாலும் தாமதம் இதற்குக் கீழே இறங்காது என்பது. மேல் எண் சீக்கிரமே இருபத்தைந்தில் நின்றுவிட்டது. கீழ் எண் ஊர்ந்து ஊர்ந்து வந்து அதைத் தொட இரண்டு நாள் பிடித்தது. தொட்டதும் மேடம் நாற்காலியில் சாய்ந்து, "முடிஞ்சிது சார். இருபத்தஞ்சுக்குக் கொறஞ்சு ஒரு வழியும் இல்ல. இனிமே யாரும் வாய் பேச முடியாது" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வண்டிகளைக் கவனிப்பது என் வேலை. மேடம் கணினிப் பிரிவு. டயாலிசிஸ் நோயாளிகளை விடியற்காலையில் ஏற்றிவர ஒரே வேன்தான். கடலூர் முதுநகர், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம் எல்லாம் அதன் தலையில். வேன் தாமதமானால், அடுத்த ஷிஃப்டுக்காக இவர்களை மெஷினிலிருந்து முன்கூட்டியே கழற்றிவிடுவார்கள். ரத்தம் முழுதாகச் சுத்தமாகாமலே வீட்டுக்குப் போவார்கள். பிச்சாவரத்து மீனவ வீட்டு அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்து நான் பார்த்ததேயில்லை. இரண்டாவது வேன் கேட்டோம். மேனேஜர், "டிரைவர் டீக்கடையில நிக்கிறான்யா. வழிய மாத்திப் போகச் சொல்லு" என்றார். அது தப்பு என்று காட்டத்தான் மேடம் அந்தக் கணக்கில் இறங்கினார்.

"கோடி வழி இருக்குமேம்மா, எல்லாத்தையும் பாத்தியா?" என்று மேனேஜர் கிண்டலாகக் கேட்டார்.

"ஒண்ணொண்ணா பாக்க வேணாம் சார். மொதல்ல கிள்ளைக்குப் போனா, அதுக்கப்பறம் முதுநகர் போய்த் திரும்ப நேரமே பத்தாது. அப்ப கிள்ளையில ஆரம்பிக்கிற அத்தன வழியும் ஒரே வெட்டா போச்சு. இப்படியே வெட்டிக்கிட்டு வந்தோம். மிச்சம் எதுவுமில்ல. டிரைவர் பறந்து போனாலும் லேட்டுதான்."

மேனேஜர் முட்டாள் இல்லை. அதுதான் கேடு. திரையைப் பார்த்துவிட்டு, "சரி, எந்த ஸ்டாப்ப எடுத்தா லேட் இல்லாம வரும்?" என்றார்.

மேடம் அதையும் தட்டிப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல அவர் எழுதிய நிரலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிச்சாவரம்.

"மத்தவங்களுக்காவது முழுசா நடக்கட்டும்மா" என்றார் மேனேஜர். அவர் சொன்னதிலும் தப்பில்லை என்பதுதான் இன்றும் என்னை எரிச்சல்படுத்துகிறது. இரண்டாவது வேன் என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. மேடம் அதன்பின் கொஞ்ச நாள் விடியற்காலையில் தன் ஸ்கூட்டரில் போய் அந்த அம்மாவைக் கூட்டிவந்தார். மழை தொடங்கியதும் அதுவும் நின்றது. பிறகு வேலையை விட்டுப் போனார். சொல்லிக்கொண்டு போகவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த நிரல் இன்னும் ஓடுகிறது. வேன் நேரத்துக்கு வருகிறது. எனக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது. அந்த அம்மா முதல் பஸ் பிடித்து, எல்லாரும் டயாலிசிஸுக்குப் படுத்த பிறகு வந்து சேர்கிறார். அடுத்த ஷிஃப்டுக்காக எல்லாரோடும் சேர்த்து எழுப்பப்படுகிறார். டிரைவர் சாவியை என் மேஜையில் வைக்கும்போதெல்லாம் அதையே சொல்கிறான்: "ஒரு சீட்டு காலியாவே வருது மாமா."