பெரியவன் கேட்டால்தான் பதில்

கொல்லிமலைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு மேலே இருந்த ஹெட்மாஸ்டரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. ஓர் அறை, இரண்டு வாத்தியார்கள், இருபத்து மூன்று பிள்ளைகள். அடிவாரத்திலிருந்து வந்து கடை வைத்தவர்களின் பிள்ளைகள் ஐந்து பேர் முன்வரிசை. பைல் நாடு என்கிற அந்தப் பகுதியின் மலைப்பிள்ளைகள் பதினெட்டுப் பேர் பின்வரிசை. அவர் பாடம் நடத்தியது அந்த ஐந்து பேருக்குத்தான். பின்வரிசையைப் பார்த்து ஏதாவது கேட்பார், பதில் வராது, பிரம்பு விழும்.

"ஏனுங்க, இதுகளுக்குப் போயி எட்டாம் வாய்ப்பாடா? சாமைக்காட்டுல குருவி ஓட்டச் சொல்லுங்க, போதும்" என்பார் என்னிடம்.

பிள்ளைகளுக்குப் பதில் தெரியும். ஆனால் பதினெட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் பங்காளி, மாமன், மச்சான். முறையில் மூத்தவன் இருக்கும்போது இளையவன் முந்திக்கொண்டு பேசமாட்டான். அவர்களில் மூத்தவனுக்கோ கணக்கு வராது. அவன் ஊமையாக நின்றால் மற்ற பதினேழு பேரும் ஊமை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவருக்குப் பத்து வருடம் போதவில்லை.

நான் மூத்தவனைக் கேள்வி கேட்க நிறுத்தினேன். அவன் அதட்டிக் கேட்டதும் சின்னவர்கள் கடகடவென்று சொன்னார்கள். கேட்டுக் கேட்டு அவனுக்கும் நாலாம் வாய்ப்பாடுவரை வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் மலையேறி வந்தார். மலைப்பிள்ளைகள் தேறாவிட்டால் இரண்டாவது வாத்தியார் வேலை, அதாவது என் வேலை, போய்விடும். அன்றைக்குப் பார்த்து ஹெட்மாஸ்டர் என் ஏற்பாட்டைக் கலைத்தார்.

"மாடு மேய்க்கிற பய கேள்வி கேட்டா, நாம எதுக்குங்க சம்பளம் வாங்கறது? அவன் பேசாம மூலையில நிக்கட்டும்."

"எட்டேழு எவ்வளவு?" என்றார் இன்ஸ்பெக்டர். மூன்று முறை கேட்டார். பின்வரிசையில் ஓர் உதடும் அசையவில்லை.

"நாந்தான் சொன்னனுங்களே, அத்தனையும் மரம்" என்று ஹெட்மாஸ்டர் இளித்தார்.

மூலையில் நின்ற மூத்தவனுக்குப் பொறுக்கவில்லை. "டேய், ஐயா கேக்கறாருல்ல? சொல்லுங்கடா!"

"அம்பத்தாறு!" பதினேழு தொண்டைகள்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நீ யாரப்பா?"

"இவனுங்களுக்கெல்லாம் பெரியவனுங்க, சாமி."

"அப்படியானால் மிச்சக் கேள்விகளையும் நீயே கேள்."

கேட்டான். தேறினார்கள். என் வேலை தப்பியது. அதன் பலனாக, அதே அறையில், அந்த ஆளின் மூஞ்சிக்கு எதிரே இன்னும் ஆறு வருடம் உட்கார்ந்தேன். அந்த ஆறு வருடமும் தன்னுடைய பாடவேளையில் அவர் தானேதான் கேள்வி கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை.