பதினேழாவது பல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 2009இல், அம்மாவின் தம்பி பாரிசிலிருந்து வந்து கோலியர்ஸ் வுட்டில் எங்களோடு தங்கினார். சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. அதற்காக அவர் பாகம் பாகமாகப் பூட்டிய சைக்கிளைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். சில்லு சுற்றும்வரை பெடலும் சுற்றும். பின்னுக்குப் பிறேக் கிடையாது. நிறுத்துவதற்கு, எப்போதும் வலக்கால் முன்னுக்கு வரும்போது பெடலை இறுக்கிப் பிடிப்பார். பின் டயர் தெருவில் உரசி நிற்கும்.

பெடலோடு சுற்றும் பற்சக்கரத்தில் நாற்பத்தெட்டுப் பல். பின் சில்லின் பற்சக்கரத்துக்குப் பதினாறா பதினேழா என்று மாமா ஒரு கிழமை யோசித்தார். குசினியில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பதினாறைப் பூட்டினார். பெடல் ஒரு சுற்று வரும்போதெல்லாம் நான் டயரின் உச்சியில், தெருவில் உரசப்போகும் இடத்தில், வெண்கட்டியால் கோடு போட்டேன். எத்தனை சுற்றுக்கும் ஒரே இடம்தான். பதினேழைப் பூட்டியதும் கோடு ஒவ்வொரு தரமும் வேறு இடத்துக்கு ஓடியது. டயர் முழுக்கப் பதினேழு கோடு விழுந்த பிறகுதான் முதல் கோட்டுக்குத் திரும்பியது. ஒரே ஒரு பல் கூடியதற்கு இவ்வளவு மாற்றமா? எனக்கு மெய்சிலிர்த்தது.

"பதினேழெண்டால் டயர் எல்லா இடமும் தேயும். பதினாறெண்டால் ஒரே இடத்திலை தேஞ்சு வெடிச்சிடும்" என்றார் மாமா.

அடுப்படியில் நின்ற அம்மா விரல்விட்டுக் கூட்டினார். "ஒண்டும் ஏழும் எட்டு. சனியன்ரை நம்பரிலை நீ ஓடவேண்டாம். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு எண்டு சும்மாவே சொன்னவை?"

"ஓமக்கா" என்று மாமா பதினாறையே பூட்டினார்.

இரண்டு மாதத்தில் விம்பிள்டன் இறக்கத்தில் டயர் வெடித்து, கையில் கட்டோடு வந்தார். கணக்கு வென்றுவிட்டது என்று நான் அம்மாவை வெற்றியோடு பார்த்தேன். அம்மா அவருடைய கைக்கட்டைத் தடவினார். "பதினேழைப் போட்டிருந்தால் உயிரே போயிருக்கும்" என்றார். மாமா அதற்கும் "ஓமக்கா" என்றார். கை சுகமானதும் அதே பதினாறோடு புது டயர் போட்டார். அதன்பிறகு மாதம் ஒரு டயர்.

இவ்வளவு கணக்குத் தெரிந்தவர் இப்படி மடையராக இருக்கிறாரே என்று எனக்குச் சரியான ஆத்திரம். அம்மாவின் மற்றத் தம்பி ஊரில் ஒருநாள் காலையில் சைக்கிளில் வெளிக்கிட்டுப் போய்த் திரும்பி வரவேயில்லை என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.